தனக்குத் தானே மலை கட்டும் படகு

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்ததும் வண்டி போடி வழியாக மேற்கே திரும்பும். அடிவாரம் வரை நாலாவது கியரில் சீறிக்கொண்டு போகிற அதே ஜீப், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே முக்கி முனகிக்கொண்டு ஏறும். எஞ்சினும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. வேகம் மட்டும் பாதிக்குக் கீழே போய்விட்டது. சமவெளியில் வண்டியை முன்னே தள்ளிய சக்தியின் பெரும்பங்கு, இப்போது அத்தனை பேரையும் உயரத்துக்குத் தூக்குவதில் செலவாகிறது.

படகைப் பற்றிய அத்தியாயத்தை மலைச்சாலையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஏரியில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் சக்தி குறைந்த எஞ்சினோடு போகும் ஒவ்வொரு படகும் நாள் முழுக்க மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மலையைக் கட்டுவதும் அதே படகுதான்.

இங்கிருந்து கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி ஏறினால் தேக்கடி ஏரி. 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை தேக்கிய நீர் அது. நம் பள்ளத்தாக்கின் நெல்லுக்குப் பாய்வதும் அதுவே. கரையில் நின்று, போகிற படகின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். முன்புறம், அதாவது கடற்கரைக்காரர்கள் அணியம் என்று சொல்லும் முனையில், தண்ணீர் மேடாக எழும்பி நிற்கும். அதை அடுத்து ஒரு பள்ளம், பிறகு இன்னொரு மேடு. படகு மெல்லப் போனால் மேடுகள் நெருக்கமாக இருக்கும். வேகம் கூடக் கூட அவற்றின் இடைவெளி நீளும்.

அந்த இடைவெளிக்குக் கறாரான கணக்கு இருக்கிறது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் படகின் அலைமேடுகள் சுமார் 2.6 மீட்டர் இடைவெளியில் அமையும். வேகம் 3 மீட்டர் ஆனால் இடைவெளி சுமார் 5.8 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் இடைவெளி இரண்டே கால் மடங்கு நீள்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்கு 11 கிலோமீட்டரைத் தொடும்போது, முதல் மேடு அணியத்திலும் இரண்டாவது மேடு சரியாகப் பின்முனையிலும், அதாவது அமரத்திலும், வந்து நிற்கும். படகு இரண்டு மேடுகளுக்கு நடுவே தொட்டிலில் கிடப்பதுபோல ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் முடுக்கினால் பின்மேடு படகை விட்டுப் பின்னால் நகர்ந்துவிடும். அமரம் பள்ளத்தில் இறங்க, அணியம் மேட்டின்மேல் தூக்கிக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து படகு தன் முன்மேட்டை ஏறத் தொடங்குகிறது. ஏற ஏற மேடும் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். உச்சி இல்லாத போடிமெட்டு அது.

வேகப்படகுகளிடம் இதற்கு ஒரு முரட்டு விடை உண்டு. எடைக்குப் பல மடங்கு சக்தியுள்ள எஞ்சினைப் பூட்டி, அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடிவிடும். இந்த அத்தியாயம் அந்த வசதி இல்லாத படகைப் பற்றியது. இரண்டு நீண்ட உலோகக் குழாய்கள், அவற்றின் மேல் ஒரு தளம், வெயிலுக்கு ஒரு கூரை, பின்னால் 10 அல்லது 20 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஏரிகளில் உல்லாசப் பயணத்துக்கு ஓடும் மிதவைப் படகு அது. அதன் உரிமையாளர் எவரும் முதலில் கேட்பது பெரிய எஞ்சின் போடலாமா என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்று பார்க்க ஒரு கணக்குப் போடுவோம். 6 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள இரண்டு குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பாதி அளவு மூழ்கினால் தாங்கும் மொத்த எடை ஏறத்தாழ 1,700 கிலோ. தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பின்மேல் தண்ணீர் உரசுவதால் வரும் இழுப்பு, ஒரு 12 கிலோ எடை கயிற்றில் தொங்கினால் இழுக்கும் அளவுதான். அதை வெல்ல அரைக் குதிரைத்திறன்கூட வேண்டாம். அப்படியானால் மீதிக் குதிரைகள் எங்கே ஓடிப்போகின்றன? அலைமேட்டைக் கட்டுவதில் ஒரு பெரும்பங்கு. புரொப்பெல்லர் வீணே சுழற்றிவிடும் நீரில் ஒரு பங்கு. தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களில் தண்ணீர் அறைவதில் ஒரு பங்கு. எதிர்க்காற்றில் இன்னொரு பங்கு. பெரிய எஞ்சின் போடுவது இந்த ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் இன்னும் அதிகமாக ஊற்றுவதாகும். உராய்வை மட்டும் எடுத்துக்கொண்டாலே வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி தேவை. அலைமேட்டுக்கு அருகில் வந்துவிட்டால் அதற்கும் மேலே.

அலையையும் உராய்வையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1860களில் அவர் இரண்டு வடிவங்களில் மாதிரிப் படகுகள் செய்தார். ஒன்றுக்கு அன்னம் என்றும் மற்றதற்கு அண்டங்காக்கை என்றும் பொருள்படும் பெயர்கள் வைத்தார். காக்கைக்குக் கூரிய முனை, அன்னத்துக்கு மழுங்கிய முனை. கூரிய முனைதான் எப்போதும் வெல்லும் என்று அன்றைக்கு நம்பிக்கொண்டிருந்தார்கள். இழுத்துப் பார்த்தபோது ஒரு வேகத்தில் ஒன்று வென்றது, வேறு வேகத்தில் மற்றது வென்றது. எல்லா வேகத்துக்கும் பொருந்தும் உத்தம வடிவம் என்று ஒன்று இல்லை. வேகத்துக்கும் நீளத்துக்கும் உள்ள உறவே அலையைத் தீர்மானிக்கிறது. 1872இல் டார்க்கி நகரில் நீளமான தொட்டி ஒன்றில் அவர் செய்த இழுவைச் சோதனைகளின் வழியைத்தான் உலகின் கப்பல் ஆய்வுக்கூடங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அந்த உறவைக் குறிக்கும் எண்ணுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நீளம் கூடினால் மேடு பின்வாங்கும் என்பது ஃப்ரூட் எண் தரும் முதல் நற்செய்தி. 6 மீட்டர்க் குழாயோடு ஒன்றரை மீட்டர் ஒட்டவைத்து ஏழரை ஆக்கினால், 11 கிலோமீட்டரில் நின்ற எல்லை 12 கிலோமீட்டரைத் தாண்டும். அதே எடை நீளமான குழாயில் பரவுவதால் படகு கொஞ்சம் மேலெழும்பியும் மிதக்கும். மெலிவு தருவது இரண்டாவது நற்செய்தி. நீளம் அகலத்தைப் போல எட்டு, பத்து மடங்கு இருந்தால் படகு எழுப்பும் மேடே சின்னதாகிவிடும். ஊசி தண்ணீரைக் கிழித்துப் போகும், கைப்பலகை அதை ஒதுக்கித் தள்ளும். ஒகேனக்கல் பரிசலை நினைத்துப் பாருங்கள். நீளமும் அகலமும் ஒன்றேயான வட்டம் அது. சுழல்களுக்கு நடுவே நின்ற இடத்தில் திரும்ப அதைவிட நல்ல வடிவம் கிடையாது. வேகத்துக்கு அதைவிட மோசமான வடிவமும் கிடையாது.

மெலிவின் எல்லையைப் பார்க்க ஆலப்புழைக்குப் போக வேண்டும். புன்னமடைக் காயலில் 1952 முதல் நடந்துவரும் நேரு கோப்பைப் போட்டியில் பாயும் சுண்டன் வள்ளம் 30 மீட்டருக்கு மேல் நீளமும், இருவர் அருகருகே உட்காரும் அகலமும் கொண்டது. ஏறத்தாழ நூறு பேர் துடுப்புப் போடுகிறார்கள். உடலை வருத்தி உழைக்கும் ஆள் சில நிமிடங்களுக்குத் தரக்கூடிய சக்தி கால் குதிரைத்திறன் அளவுதான். நூறு பேரைச் சேர்த்தாலும் ஒரு மோட்டார்சைக்கிள் எஞ்சின்தான் வரும். அதைக் கொண்டு ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தை ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறார்கள். கரையில் நிற்பவனுக்குப் பாட்டும் ஆரவாரமும்தான் தெரியும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, வள்ளம் போன பிறகு காயலில் எழும் அலை எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதே.

மெலிந்த உடலுக்கு ஒரு குறை உண்டு. அது எளிதில் கவிழும். அதைத் தீர்க்க இரண்டு மெலிந்த உடல்களைத் தள்ளித் தள்ளி வைத்து மேலே தளம் போட்டுவிட்டால் போதும். உலகமெல்லாம் இந்த இரட்டைப் படகை அழைக்கும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. நம் கட்டுமரம் எடை குறைந்த மரங்களை அருகருகே சேர்த்துக் கட்டியது. தள்ளி வைத்த இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களின் கலை. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் கேட்ட தமிழ்ச் சொல், எப்படியோ அந்த வேறு படகின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. 1876இல் அமெரிக்காவில் நத்தேனியல் ஹெரெஷாஃப் அமரில்லிஸ் என்ற இரட்டைப் பாய்ப்படகோடு நியூயார்க் போட்டிக்கு வந்து, ஒற்றை உடல் படகுகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். போட்டி அமைப்பாளர்கள் அந்தப் படகைத் தகுதியிழக்கச் செய்தார்கள்.

இந்த அறிவு முழுவதும் திரண்ட படகு ஒன்று நமக்கு மிக அருகில் ஓடுகிறது. தமிழர்கள் பெரியாரின் போராட்டத்தால் அறிந்த வைக்கத்திலிருந்து, வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குப் போகும் ஆதித்யா. 2017 ஜனவரி 12இல் தொடங்கிவைக்கப்பட்ட இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிப் படகு அது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்காக நவால்ட் நிறுவனம் கட்டியது. 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 75 பயணிகள். தள்ளுவதற்கு 20 கிலோவாட் மின்மோட்டார்கள் இரண்டு. இரண்டும் முழுமூச்சாக ஓடினாலும் 54 குதிரைத்திறன்தான், ஒரு சிறு காரின் எஞ்சின் அளவு. கூரைமேல் விரித்த தகடுகளோ வெயில் உச்சியில் இருக்கும்போது 20 கிலோவாட்தான் தரும்.

இவ்வளவு குறைந்த சக்தியில் 75 பேரை எப்படி ஏற்றிப் போகிறது? வழக்கமான பயண வேகம் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர். 20 மீட்டர் நீளத்துக்கு அலைமேட்டு எல்லையோ மணிக்கு 20 கிலோமீட்டர். ஆதித்யா அந்த எல்லையின் பாதியில் நின்றுகொள்கிறது. மலையின் அடிவாரத்திலேயே ஓடுவதால் அதற்கு முதல் கியர் தேவைப்படுவதே இல்லை. உடல்கள் இரண்டும் மெலிந்தவை. ஒன்றின் அலை மற்றொன்றில் மோதாதபடி தள்ளி வைக்கப்பட்டவை. அந்தத் தள்ளல் படகின் நிலைத்தன்மையையும் பெருக்குகிறது. அளவான வேகத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற உடலைக் கட்டி, எஞ்சினைக் கடைசியில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் ஏரிகளின் பயணப் படகுகள் எல்லாம் இந்த வரிசையில் கட்டப்படும் நாளை நான் ஆசையோடு எதிர்பார்க்கிறேன்.

ஏற்கெனவே கையில் இருக்கும் படகை என்ன செய்வது? முதலில் எடை. நாம் கணக்குப் போட்ட குழாய்ப்படகில் ஓர் ஆள் ஏறினால் படகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். எட்டுப் பேர் ஏறினால் ஏழு சென்டிமீட்டர். நனையும் பரப்பு 15 சதவீதம் அளவுக்குக் கூடும். அதைவிட மோசம், தளத்தின் குறுக்குச் சட்டங்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். குழாய்கள் எழுப்பும் அலை அந்தச் சட்டங்களில் ஒன்றை ஒவ்வொரு முறை அறையும்போதும் படகு தடுமாறி நிற்கும். சட்டங்களுக்கு அடியில் ஒரு வழவழப்பான தகடு அடித்துவிட்டால் அந்த அறைதல் வழுக்கலாக மாறும். ஆட்களைக் குறைக்க முடியாவிட்டாலும் தேவையில்லாத சாமானைக் குறைக்கலாம். குழாய்க்குள் கசிந்து தேங்கிய நீரை வெளியேற்றுவது இன்னும் முக்கியம். பற்றவைப்பில் விட்ட சின்ன விரிசல் வழியாக ஒரு குழாயில் நூறு லிட்டர் நின்றால், கட்டணம் தராத ஒன்றரை ஆள் நாள் முழுக்கச் சவாரி போகிறார் என்று பொருள்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மலையேறும் ஜீப்பில் மூட்டைகளை எங்கே வைப்பது என்று ஓட்டுநர் பார்ப்பதுபோலத்தான். எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஓட்டுநர் எல்லாம் அமரத்தில் சேர்ந்தால் அணியம் தூக்கும், அமரம் பள்ளத்தை இழுத்துக்கொண்டு வரும். பேட்டரியையும் டேங்கையும் நடுவுக்கு நகர்த்தி, படகைத் தண்ணீரில் மட்டமாக உட்கார வைத்தாலே வித்தியாசம் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க எடையை மேல்தளத்துக்கு ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது சாய்ந்த படகு பிறகு நிமிரவில்லை. நம் பக்கத்து ஏரியில் நடந்தது அது. வேகத்துக்காகச் செய்யும் எந்த மாற்றமும் அந்த நாளை மறக்கக் கூடாது.

அடுத்தது புரொப்பெல்லர். ஜீப்பின் கியர் செய்யும் வேலையைப் படகில் அதுதான் செய்கிறது, ஆனால் ஓடும்போது மாற்ற முடியாத ஒரே கியர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற முயல்கிறது என்பதை அதன் இலைகளின் சாய்வு தீர்மானிக்கிறது. லேசான வேகப்படகுக்குச் செய்த அவுட்போர்டை அப்படியே கனமான மிதவைப் படகில் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. அதன் சாய்வு அதிகம். ஏற்றத்தில் நாலாவது கியர் போட்ட கதைதான். எஞ்சின் தன் முழுச் சுழற்சியை எட்டாமலேயே திணறும், குடிக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற சக்தியையும் தராது. சாய்வு குறைந்த, விட்டம் பெரிய புரொப்பெல்லருக்கு மாறினால் அதே எஞ்சின் மூச்சு விடும். விட்டம் பெரியதாக இருப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. கொஞ்சம் நீரை வேகமாகப் பின்னே எறிவதைவிட, நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது குறைந்த செலவில் அதே உந்துதலைத் தரும். துடுப்புப் போடும் எவருக்கும் இது கையிலேயே தெரியும்.

குழாய்களில் படியும் பாசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவுங்கள், அவ்வளவுதான். குழாய்களுக்கு அடியில் இறக்கை போலப் பட்டைகள் ஒட்டினால் படகு எழும்பிப் பறக்கும் என்று சொல்வதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். அவை தூக்கிவிடும் அளவு வேகத்தைப் பெரிய எஞ்சின்களால்தான் எட்ட முடியும். 10 குதிரைத்திறனில் அவை வெறும் கூடுதல் உராய்வு. மூன்றாவது குழாயும் பெரும்பாலும் அப்படித்தான். சுமை தாங்க முடியாமல் படகு முங்கினால் ஒழிய அதனால் வேகம் கூடாது. பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டித் தெப்பம் செய்திருந்தால் மட்டும் முனைகளில் கை வைப்பது பெரும் பலன் தரும். ஒரு பீப்பாயின் தட்டையான வாய்க்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள ஒவ்வொரு இடுக்கும் ஒரு தடுப்பணை. இடுக்குகளைத் தகடு சுற்றி மூடி, முன்னாலும் பின்னாலும் கூம்பு வைத்தால் அது வேறு படகாகிவிடும்.

தேனி மாவட்டத்துக்காரர்கள் காற்றை மறக்க மாட்டார்கள். கம்பம் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் மேல்காற்றுக்குத்தான் ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு இலேசானது காற்று, அது என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். கூரையும் பக்கத்துணியும் ஆட்களும் சேர்ந்து நான்கு சதுர மீட்டர் முகப்பு என்று வையுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் நம் படகு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றின் தடை சுமார் 15 கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். குழாய்களின் உராய்வைவிட அது கூடுதல்! பாசியைத் தேய்ப்பதில் காட்டிய அக்கறையை, படபடக்கும் பக்கத்துணியைச் சுருட்டிக் கட்டுவதிலும் காட்ட வேண்டும்.

கடைசியாக, பலர் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மர்மம். காலையில் நன்றாக ஓடிய படகு, அதே ஆட்களோடு, ஏரியின் மறுபக்கம் போனதும் சோம்பிவிடும். ஆழம் குறைந்த நீரில் அலை ஒரு எல்லைக்கு மேல் வேகமாக ஓட முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை மணிக்கு 11 கிலோமீட்டர். படகு அதை நெருங்கும்போது அலை விலகிப் போக வழியில்லாமல் முன்னால் குவிந்து, மேடு செங்குத்தாகும். எஞ்சினில் கோளாறு இல்லை, தரைதான் மேலே வந்திருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய ஆற்றின் தடம் எங்கே ஆழமாகப் போகிறது என்று அறிந்து, அந்தத் தடத்திலேயே ஓட்டும் படகுக்காரர் காசில்லாமல் வேகத்தை வாங்கிவிடுகிறார்.

எதை மாற்றினாலும் ஒன்றொன்றாக மாற்றுங்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைக் காட்டும். காற்று அடங்கிய காலையில், ஒரே நீளத்தைப் போகவும் வரவும் ஓட்டி, இரண்டின் சராசரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியை நகர்த்தினால் மறுபடி ஓட்டுங்கள், புரொப்பெல்லரை மாற்றினால் மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒருமுறை அமரத்துக்கு வந்து பின்னால் பாருங்கள். தண்ணீரில் மேடும் பள்ளமுமாக விரிந்துகொண்டே போவது உங்கள் டேங்கில் இருந்த பெட்ரோல்.